வந்தவர் ஏமாந்தால் யார் பொறுப்பு?

பழனி அடிவாரத்தில் இறங்கிப் பத்தடி நடந்தால் போதும். உங்களுக்கு இந்த ஊரில் எத்தனை சொந்தக்காரர்கள் என்று தெரிந்துபோகும். "வாங்க அண்ணே, வாங்கம்மா! செருப்பை இங்கே விட்டுட்டுப் போங்க. காசு ஒண்ணும் வேண்டாம்!" என்று நாலு பக்கமும் உபசாரம். கலியுகத்தில் இப்படியும் மனிதர்களா என்று உருகிக்கொண்டே நீங்கள் செருப்பைக் கழற்றுவீர்கள். கழற்றின கையில் ஓர் அர்ச்சனைத் தட்டு ஏறிவிடும். தேங்காய், பழம், விபூதிப் பொட்டலம், கொஞ்சம் பூ. விலையைக் கேட்டால், "முதல்லே சாமியைப் பாருங்க, அப்புறம் கொடுக்கலாம்" என்று பதில் வரும். சாமியைப் பார்த்துவிட்டு இறங்கி வந்த பிறகு அவர்கள் சொல்லும் தொகையைக் கேட்டால், மறுபடியும் "முருகா!" என்று கூவத் தோன்றும். கூவி என்ன பயன்? செருப்பு அவர்கள் வசம் அல்லவா இருக்கிறது!

அடிவாரத்துக் கடைக்காரர்கள் எல்லோருமே இப்படி என்று நான் சொல்லவில்லை. சொன்னால் பாவம். நியாய விலைக்குப் பூவும் தேங்காயும் விற்று, நாலு காசு சம்பாதித்து, குடும்பத்தை நடத்துகிறவர்கள்தாம் அங்கே அதிகம். ஆனால் கவனித்தீர்களா? இந்த வலையில் உள்ளூர்க்காரர் விழுவதில்லை. மாதா மாதம் கிருத்திகைக்கு வருகிற பொள்ளாச்சிக்காரரும் விழுவதில்லை. குழந்தைக்கு முதல் மொட்டை போட வேண்டுமென்று கடன் வாங்கிக்கொண்டு எங்கிருந்தோ வந்திருக்கிறாரே, அவர்தாம் விழுகிறார். மலைப் பாதையில் இன்னும் மேலே கொடைக்கானலுக்குப் போனால் கதை கொஞ்சம் மாறுகிறது. சமவெளிப் பூண்டு அங்கே மலைப் பூண்டாகிவிடும். வண்டிக்காரர் நிறுத்துகிற கடையில்தான் தைலம் நல்ல தைலமாக இருக்கும். அவருடைய கமிஷனும் அந்தச் சீசாவுக்குள்ளேயே இருக்கும்.

"ஏமாறுகிறவன் இருக்கிறவரை ஏமாற்றுகிறவனும் இருப்பான், ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது வந்தவன் பொறுப்பு" என்று பெரிய வேதாந்தி போலச் சிலர் சொல்வார்கள். எனக்கு இந்த வேதாந்தம் பிடிப்பதில்லை. ஜாக்கிரதை என்பது அனுபவத்தால் வருவது. முதல் முறை வருகிறவனிடம் இல்லாதது அது ஒன்றுதான். இல்லாததைக் கொண்டுவரவில்லை என்று அவனைக் குற்றம் சொல்லலாமா?

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. பழனி பஞ்சாமிர்தத்துக்கும் கொடைக்கானல் மலைப் பூண்டுக்கும் 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரைப் பொய்யாகப் போட்டு விற்றால், 1999-ஆம் வருஷத்துச் சட்டப்படி ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை. ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். கேட்பதற்கு ஜோராக இருக்கிறது. ஆனால் ஒரு கிலோ பூண்டில் ஏமாந்த தஞ்சாவூர்க்காரர் அதற்காகக் கொடைக்கானலுக்குத் திரும்பி வந்து சாட்சி சொல்வாரா? அவருக்கு ராத்திரி பஸ்ஸைப் பிடிக்கிற கவலை. ஏமாற்றுகிறவனுக்கு இது நன்றாகத் தெரியும். அவனுடைய மூலதனமே அதுதான்: வந்தவர் போய்விடுவார், தான் இங்கேயே இருப்போம்.

ஆகையால், வந்தவர் போன பிறகும் அங்கேயே இருக்கிற இன்னொருவர்தாம் கேட்க வேண்டும். அது தேவஸ்தானம், நகராட்சி, போலீஸ்.

இதே கேள்வியை இப்போது வேறோர் இடத்திலும் கேட்கிறார்கள். அது உங்கள் வீட்டுப் பிள்ளையின் கைபேசிக்குள்ளும் கம்ப்யூட்டருக்குள்ளும் இருக்கிறது. இணையத்தில் ஆயிரக்கணக்கானவர் ஒன்றாகக் கூடி ஆடும் ஆட்டங்களைச் சொல்கிறேன். (பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை 2025-ல் மத்திய சர்க்கார் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. அது ஆட்டம் நடத்துகிறவர்களைப் பற்றிய சட்டம். நான் சொல்வது ஆட வந்தவரை ஆடுகிறவரே ஏய்ப்பதைப் பற்றி.) அங்கேயும் ஓர் அடிவாரம் உண்டு. புதிதாகச் சேர்ந்த பையன் ஒன்றும் தெரியாமல் விழித்துக்கொண்டு நிற்பான். "வா தம்பி, அந்தக் கத்தியைக் கொடு, இரண்டு மடங்காக்கித் தருகிறேன்" என்று பழைய ஆள் ஒருவன் தோள்மேல் கை போடுவான். கத்தி போய்விடும். பையனும் மறுநாள் முதல் அந்தப் பக்கம் வரமாட்டான், புகாரும் எழுதமாட்டான்.

ஆட்டத்தை நடத்தும் கம்பெனிகள் இவர்களைத் தண்டிக்கலாமா? "ஆட்டத்தில் ஏமாற்றுவதும் ஆட்டம்தானே!" என்று கேட்பவர்கள் உண்டு. இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல பதில் ஐஸ்லாந்து தேசத்திலிருந்து வந்தது. அங்கே ஸி.ஸி.பி. என்ற கம்பெனி 2003 முதல் 'ஈவ் ஆன்லைன்' என்ற ஆட்டத்தை நடத்துகிறது. விண்வெளிக் கப்பல் ஓட்டி வியாபாரமும் சண்டையும் செய்யும் ஆட்டம். அதில் வியாபாரத்தில் ஏமாற்றுவது பெரும்பாலும் குற்றமே இல்லை. எத்தர்களுக்குப் பெயர்போன ஆட்டம் அது. அப்படிப்பட்ட இடத்திலும் ஒரு கோடு கிழித்திருக்கிறார்கள். புதியவர்கள் முதன்முதலாகக் கால் வைக்கும் சில பிரதேசங்களுக்குள் அவர்களை ஏமாற்றக் கூடாது. மீறினால் எச்சரிக்கை, மறுபடி மீறினால் வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவார்கள். எத்தனுக்குக்கூட வாசலில் ஒரு மரியாதை வேண்டும் என்கிறார்கள்.

'டோட்டா 2' என்ற ஆட்டத்தில் வேறு விதமான தந்திரம். கைதேர்ந்தவர்கள் புதுப் பெயரில் கணக்குத் திறந்து, கற்றுக்குட்டிகளோடு கற்றுக்குட்டியாக உட்கார்ந்து, அவர்களைத் துவைத்தெடுத்துச் சந்தோஷப்படுவது. அதை நடத்தும் வால்வ் கம்பெனி 2023 செப்டம்பரில் இப்படிப்பட்ட தொண்ணூறாயிரம் கணக்குகளை மூடியது. அதோடு, இனிமேல் வேஷக் கணக்கு மட்டுமல்ல, அதைத் திறந்தவரின் சொந்தக் கணக்கும் தண்டனைக்கு உட்படும் என்று அறிவித்தது.

ஆனால் தண்டனையிலும் ஒரு நிதானம் வேண்டும். இங்கிலாந்தில் ஜாகெக்ஸ் என்றொரு கம்பெனி. அதன் 'ரூன்ஸ்கேப்' ஆட்டத்தில், ஆட்டப் பொருள்களை நிஜப் பணத்துக்கு விற்கும் கூட்டம் பெருகிவிட்டது. கம்பெனிக்குக் கோபம் வந்தது. 2008 ஆரம்பத்தில், யாருமே யாருக்கும் சரிசமமில்லாத விலைக்கு எதையும் கொடுக்க முடியாதபடி பூட்டுப் போட்டுவிட்டார்கள். கள்ளனும் மாட்டினான், சிநேகிதனுக்கு ஒரு சட்டையை இனாமாகக் கொடுக்க நினைத்த அப்பாவியும் மாட்டினான். மூன்று வருஷம் ஆட்டக்காரர்கள் முணுமுணுத்தார்கள். கடைசியில் வோட்டெடுப்பு நடத்தி, 2011 பிப்ரவரியில் பூட்டைத் திறந்தார்கள்.

கொடைக்கானல் ஏரிக்கரையில் ஒரு குதிரைக்காரன் இரட்டைக் கூலி வாங்கினான் என்பதற்காகக் குதிரைச் சவாரியையே நிறுத்தினால் இந்தக் கதைதான். அந்த ஒருவனால் முதலில் நஷ்டப்படுகிறவன் யார் தெரியுமா? பக்கத்தில் நிற்கும் யோக்கியமான குதிரைக்காரன்! ஒரு தடவை சூடுபட்ட குடும்பம் அப்புறம் எந்தக் குதிரையின் பக்கமும் போவதில்லை. ஆகையால், இரட்டைக் கூலி வாங்கினவனுடைய லைசென்ஸை ஒரு சீசனுக்கு நிறுத்தி வையுங்கள். சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் குதிரை சும்மா நின்று கொள்ளுத் தின்றால் போதும். அபராதம் மட்டும் போட்டால், அதையும் அடுத்த சவாரிக்காரர் தலையில்தான் கட்டுவான்.

சில இடங்களில், தண்டனைக்கு முன்னாலேயே செய்யக்கூடியது உண்டு. 2021-ல் தமிழக அரசு கோயில்களில் முடி காணிக்கைக்குக் கட்டணமே இல்லை என்று அறிவித்தது. அந்த வேலை செய்கிறவர்களுக்கு மாதம் ஐயாயிரம் ரூபாய் ஊக்கத்தொகையும் அறிவித்தது. நல்ல யோசனை. கத்தி தலைமேல் இருக்கும்போது பேரம் பேசுகிற தைரியம் யாருக்கு உண்டு? இப்போது யாராவது காசு கேட்டால், "இலவசம் என்று போட்டிருக்கிறதே!" என்று புதியவரும் சொல்ல முடியும். கட்டணம் இத்தனை என்று நிச்சயமில்லாத இடத்தில்தான் அவர் வாயடைத்துப் போகிறார்.

கொடைக்கானலுக்கு இன்னொரு வசதியும் வாய்த்திருக்கிறது. ஹைகோர்ட் உத்தரவின்படி 2024 மே 7 முதல் மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு 'ஈ-பாஸ்' வந்துவிட்டது. நெரிசலைக் கணக்கெடுக்க வந்த ஏற்பாடுதான். ஆனாலும் யார் வருகிறார், என்றைக்கு வருகிறார் என்பது அவர் வீட்டை விட்டுக் கிளம்புமுன்பே அதிகாரிகளுக்குத் தெரிகிறது. அந்தப் பாஸோடு கூடவே குதிரைக்கு, படகுக்கு, வாடகை வண்டிக்கு நியாயமான கூலி இன்னது என்று ஒரு பட்டியலையும் அனுப்பினால் என்ன? அடியில் ஒரு டெலிபோன் நம்பர், அதில் பேசுகிறவர், "எழுதிக் கொடுங்கள், விசாரிக்கிறோம்" என்று சொல்லாமல், "உங்கள் பஸ் எத்தனை மணிக்கு? அதற்குள் ஆளை அனுப்புகிறேன்" என்று சொல்பவராக இருக்க வேண்டும்.