ஆட்டோ மீட்டரும் மூளை ஸ்கேனும்

எம்.எஸ். என்றால் நம்ம ஊரில் சுப்புலட்சுமி. சினிமாப் பாட்டுப் பைத்தியம் என்றால் விஸ்வநாதன். காலேஜ் பையனைக் கேட்டால் தோனி. நரம்பு டாக்டரிடம் மட்டும் அந்த இரண்டு எழுத்தைக் கேட்காமல் இருப்பது உத்தமம். அவர் அகராதியில் அது 'மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ்'.

உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் மேலுறையை அரித்துத் தின்கிற வியாதி. பெரும்பாலும் 20-லிருந்து 40 வயசுக்குள் ஆரம்பிக்கும். அதாவது வேலை கிடைத்து, கல்யாணம் பேசி, ஹவுஸிங் லோனுக்கு அலைகிற வயசு. பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம்.

அந்த மேலுறையின் பெயர் மையலின். (சிலர் 'மயிலின்' என்று எழுதுகிறார்கள். மயிலின் எது, தோகையா என்று கேட்கத் தோன்றும்.) உறை இல்லாத நரம்பு, எல்லா ஸ்டாப்பிலும் நிற்கிற டவுன் பஸ். செய்தி விநாடிக்கு ஒரு மீட்டர் போனால் பெரிசு. உறை போட்ட நரம்பு பாயின்ட் டு பாயின்ட் பஸ். உறையில் ஆங்காங்கே விட்ட இடைவெளிகளில் மட்டும் தாவித் தாவி, விநாடிக்கு 100 மீட்டர்கூடப் போகும். உறை போச்சென்றால் எக்ஸ்பிரஸ் நடுவழியில் பிரேக்டவுன். கண் மங்கும், கால் மரக்கும்.

எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர் குத்தம்பாக்கத்துக்காரர். பூந்தமல்லி, திருமழிசை தாண்டி பெங்களூர் ஹைவேயை ஒட்டிய ஊர். 1996-ல் இளங்கோ என்ற கெமிக்கல் இன்ஜினீயர் பஞ்சாயத்துத் தலைவராகிப் பேர் வாங்கித் தந்தாரே, அதே ஊர். இவருக்கு நாலு வருஷமாக எம்.எஸ். ஸ்கேன் படங்களை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வந்து கேட்டார்:

"ஸார், புதுசா புள்ளி எதுவும் இல்லைன்னு ரிப்போர்ட்ல போட்டிருக்கு. ஆனா எனக்கு மாடிப்படி ஏற முடியலை. ஸ்கேன் பொய் சொல்லுதா, நான் பொய் சொல்றேனா?"

இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை என்பதுதான் விஷயம்.

எம்.ஆர்.ஐ. பார்ப்பது தண்ணீரை. தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்களை ராட்சசக் காந்தத்துக்குள் வைத்து, ரேடியோ அலையால் ஒரு தட்டு தட்டி, அவை முனகுவதைக் கேட்கிறது. மையலினோ பெரும்பாலும் கொழுப்பும் புரதமும். அதன் முனகல் மெஷின் காது கொடுப்பதற்குள் அடங்கிவிடும். அதனால் படத்தில் தெரிகிற வெள்ளைப் புள்ளி வீக்கமா, உறை போனதா, நரம்பே செத்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. புள்ளியே இல்லாத இடத்திலும் உறை மெலிந்திருக்கலாம்.

வான்கூவரில் அலெக்ஸ் மெக்கே என்ற பேராசிரியரின் குழு 1994-ல் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தது. மையலின் வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காகச் சுற்றியது. அடுக்குகளுக்கு நடுவே கொஞ்சம் தண்ணீர் மாட்டிக்கொண்டிருக்கும். கோயில் மணியில் துணி சுற்றி அடித்தால் 'டொக்'கென்று அடங்கும். வெறும் மணி 'டங்ங்ங்' என்று இழுக்கும். மாட்டிக்கொண்ட தண்ணீர் துணி சுற்றிய மணி. 40 மில்லி செகண்டுக்குள் அடங்கிவிடும். மொத்தச் சத்தத்தில் சீக்கிரம் அடங்கியது எவ்வளவு என்று கணக்குப் போட்டால், மையலின் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

கேட்க சுலபம். ஆரம்பத்தில் மூளையின் ஒரே ஒரு குறுக்குவெட்டுக்கே கிட்டத்தட்ட அரை மணி ஆயிற்று. 2012 வாக்கில் பெருமூளை முழுவதையும் 15 நிமிஷத்துக்குள் எடுக்க வழி வந்தது. ஆனாலும் லேசான இரைச்சல், காந்தப்புலத்தில் சின்னக் கோணல், மூளையில் இருக்கும் இரும்புச் சத்து எல்லாம் கணக்கைக் குழப்பும். ஒரு மெஷின் சொல்லும் எண்ணை இன்னொரு மெஷின் சொல்லாது. நம்ம ஊர் ஆட்டோ மீட்டர்தான்!

இதில் என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? கேளுங்கள். க்ளமாஸ்டின் என்று ஒரு பழைய அலர்ஜி மாத்திரை. உரிந்த உறையை அது திரும்ப வளர்க்குமா என்று கலிபோர்னியாவில் 50 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2017-ல் முடிவு வந்தது. கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் செய்தி 1.7 மில்லி செகண்ட் முன்னால் வந்தது. வழக்கமான ஸ்கேனில் ஒரு மாற்றமும் இல்லை. 2023-ல் அதே நோயாளிகளின் ஸ்கேனில் மையலின் தண்ணீரை அளந்தபோதுதான், உறை வளர்ந்த தடயம் மூளையிலேயே தெரிந்தது. அளவுகோல் இல்லாமல் இருந்தால் "பிரயோஜனமில்லை" என்று தூக்கிப் போட்டிருப்பார்கள்.

உடனே மெடிக்கல் ஷாப்புக்கு ஓடாதீர்கள். நோய் முற்றிக்கொண்டே போகும் வகைக்காரர்களிடம் பிறகு நடந்த ஒரு பரிசோதனையில், சிலருக்கு நிலைமை மோசமானதால் இதே மருந்தை நிறுத்திவிட்டார்கள். மருந்துக்கும் சரியான தராசு வேண்டும் என்பதற்கு இது இன்னொரு சாட்சி.

மையலின் ஸ்கேன் இன்னும் பெரும்பாலும் ஆராய்ச்சிக்கூடச் சமாச்சாரம். தெருமுனை ஸ்கேன் சென்டரில் கேட்டால் முழிப்பார்கள். அதுவரை செய்யக்கூடியது இரண்டு. ஒரு கண் திடீரென்று மங்கினால், கால் நாள்கணக்கில் மரத்துக் கிடந்தால், 'லீவு இல்லை' என்று தள்ளிப்போடாமல் நரம்பு டாக்டரைப் பாருங்கள். ஏற்கெனவே எம்.எஸ். இருந்தால், முடிந்தவரை ஒவ்வொரு முறையும் அதே மெஷினில் ஸ்கேன் எடுங்கள், பழைய சி.டி.யையும் கையோடு கொண்டுபோங்கள்.

மீட்டர் கொஞ்சம் தப்பாக ஓடினாலும் பரவாயில்லை, ஒரே ஆட்டோவில் போனால் ஒப்பிட்டாவது பார்க்கலாம்.