போஸ், உபுண்டு, சூசே: பெயர் சொல்லிப் பேசுங்கள்

"லினக்ஸா? அதெல்லாம் நம்ம பிள்ளைங்களுக்கு ஒத்துவராது." உத்தனப்பள்ளியைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில் மாலை வகுப்புக்குப் போகும்போதெல்லாம் இந்தப் பேச்சு காதில் விழுகிறது. எந்த லினக்ஸ் என்று திருப்பிக் கேட்டால் பதில் வராது. சொல்பவரின் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு போன். அதன் அடியில் ஓடுவதும் லினக்ஸ் கருநிரல்தான்.

இந்தப் பொதுப்புத்தி தானாக வந்ததல்ல. 2011 செப்டம்பர் 15 அன்று ஜெயலலிதா அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளியையே நம்பியிருக்கும் நம் பிள்ளைகளின் கைக்கு முதல் கணினி அப்படித்தான் வந்தது. அதில் விண்டோஸோடு போஸ் லினக்ஸும் இருந்தது. போஸ், டெபியனை அடிப்படையாக வைத்து சீ-டாக் உருவாக்கியது. நடுவண் அரசின் நிறுவனம், மக்கள் பணம். ஆனால் அதைத் திறந்து காட்ட ஆளில்லை. பழுதுபார்க்கும் கடையில் அதை அழித்து, அந்த இடத்தையும் விண்டோஸுக்கே கொடுத்தார்கள். மிஞ்சியது 'லினக்ஸ் சரியில்லை' என்ற தீர்ப்பு மட்டும்.

2018இல் புதிய பாடத்திட்டம் வந்தது. பதினொன்றாம் வகுப்பு கணினி அறிவியல் நூலில் உபுண்டு இருக்கிறது. லேப்டாப்பில் போஸ், புத்தகத்தில் உபுண்டு! இரண்டும் டெபியன் வயிற்றுப் பிள்ளைகள்தான். ஆனாலும் முகம் வேறு, பராமரிப்பவர் வேறு. இதை எந்தப் பிள்ளைக்கு யார் சொன்னது?

இதற்கெல்லாம் முன்பே, எல்காட் நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராக இருந்த உமாசங்கர் ஐஏஎஸ் அந்த அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டினார். தலித் அதிகாரி. 2010 ஜூலையில் சாதிச் சான்றிதழைக் காரணம் காட்டி அவரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். அடுத்த மாதமே அதைத் திரும்பப் பெற்றார்கள். லினக்ஸால்தான் அவருக்கு அது நடந்தது என்று நான் சொல்லவில்லை. அவருடைய சான்றிதழைப் பற்றி எழுதிய அளவுக்கு அவர் செய்த வேலையைப் பற்றி எழுதினார்களா என்றுதான் கேட்கிறேன்.

கட்டற்ற மென்பொருள் தோழர்களிடமும் எனக்குச் சண்டை உண்டு. ஒவ்வொருவரும் தாங்கள் பயன்படுத்துவதே உயர்ந்தது என்கிறீர்கள். குறைகளை மறைக்கிறீர்கள். உபுண்டுவின் வழக்கமான திரை, ஞாபகத்திறன் குறைந்த பழைய லேப்டாப்பில் திணறும். லுபுண்டுவோ எக்ஸ்எஃப்சிஇ திரையுள்ள மின்ட்டோ அங்கே இலகுவாக ஓடும். டெபியன் அசையாமல் நிற்கும். புதிதாக வருபவருக்குக் கொஞ்சம் பிடிபடாது. போஸில் இந்திய மொழிகளுக்குக் கவனம் கொடுத்திருக்கிறார்கள். சிக்கல் வந்தால் கேட்டுத் தெளிய உபுண்டுவுக்கு இருக்கும் அளவு கூட்டம் இல்லை. இவ்வளவையும் வெளிப்படையாகச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? போஸ் ஒன்றைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் தள்ளுவது அநியாயம் என்றால், உபுண்டு ஒன்றைப் புகழ்ந்து மற்றதை மறைப்பதும் அநியாயம்தான்.

ஒரு தோழர் இதை இரட்டைக் குவளையோடு ஒப்பிட்டார். எனக்கு ஒப்பவில்லை. தீண்டாமை மனிதருக்கு நடப்பது, மென்பொருளுக்கு அல்ல. இங்கே ஏமாற்றப்படுவது பிள்ளை.

பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். ஐடி அட் ஸ்கூல் திட்டத்தில் தொடங்கி, இன்றைய கைட் நிறுவனம் வரை, பள்ளிகளுக்கென்றே லினக்ஸைத் தகவமைத்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பாடத்தையும் அதிலேயே நடத்துகிறார்கள். நம் அரசு குறுந்தகடு கொடுப்பதுபோல் கொடுத்துவிட்டுக் கைகழுவியது.

2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவும் முடிந்தது. விண்டோஸ் 11 பழைய கணினிகள் பலவற்றை ஏற்காது. வீட்டில் வேறு லேப்டாப் வாங்க வழியில்லை. அம்மாவோ அக்காவோ சிப்காட்டில் ஷிப்டு பார்த்துக் கொண்டுவரும் சம்பளம் வாடகைக்கும் வட்டிக்கும் போகிறது. மூலையில் கிடக்கும் அந்த விலையில்லா லேப்டாப்பில் எதைப் போடலாம் என்பது அந்தக் குடும்பத்துக்குச் சோற்றுக் கணக்கு.

கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்குக் கையடக்கக் கணினியோ மடிக்கணினியோ தருவதாக 2025 நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு அறிவித்தது. எல்காட்டும் பள்ளிக் கல்வித் துறையும் முதலில் இதைச் செய்யட்டும்: ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் ஒரே கேள்விகள். எத்தனை ஆண்டு ஆதரவு? எவ்வளவு ஞாபகத்திறன் வேண்டும்? தமிழில் தட்டச்சு எப்படி? பராமரிப்பவர் யார்? கெட்டுப்போனால் யாரைக் கேட்பது? விண்டோஸுக்கும் அதே கேள்விகள், விலையோடு சேர்த்து. அந்தப் பதில்களைத் தமிழில் அச்சிட்டு, எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குத் தெலுங்கிலும் கன்னடத்திலும் அச்சிட்டு, லேப்டாப் பையிலேயே வைத்துக் கொடுங்கள்.