விரலுக்கு விலை உண்டு, கைக்கு இல்லை

குருகிராம், மானேசர், ஃபரிதாபாத் என்று தில்லியைச் சுற்றி விரிந்து கிடக்கும் வாகன உதிரிபாக ஆலைகளில் பவர் பிரஸ் என்றால் என்னவென்று எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. தகட்டை வைத்த கை வெளியே வருவதற்குள் அச்சு இறங்கிவிட்டால் விரல் போகும். கை உள்ளே இருப்பதை அறிந்து இயந்திரத்தை நிறுத்தும் சென்சார் பல ஆலைகளில் பொருத்தப்படுவதில்லை. பொருத்திய இடத்திலும் பழுதாகிக் கிடக்கும். ‘சேஃப் இன் இந்தியா’ என்னும் அமைப்பு ‘க்ரஷ்ட்’ என்ற தலைப்பில் வெளியிட்டுவரும் அறிக்கைகள் இதைத் தொடர்ந்து பதிவு செய்துள்ளன. விபத்து நடந்த பிறகே இ.எஸ்.ஐ. அட்டையைக் கண்ணால் கண்ட தொழிலாளர் பலர் என்பதும் அவற்றில் உள்ளது.

இவ்வளவும் தோழர்கள் அறிந்ததே. விரல் போன மறுநாளிலிருந்து என்ன நடக்கிறது என்பதுதான் நமது ஏடுகளிலும் போதிய அளவு பேசப்படாதது.

1923இல் பிரிட்டிஷ் ஆட்சி இயற்றிய தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தோடு ஓர் அட்டவணை இணைக்கப்பட்டது. இடையில் எண்கள் திருத்தப்பட்டன, முறை மாறவில்லை. இன்றைய கணக்கில் கட்டைவிரல் முழுதும் போனால் ஈட்டும் திறனில் இழப்பு 30 சதவீதம். ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14. அதில் ஒரு கணு மட்டும் என்றால் 9. எலும்பு போகாமல் நுனிச் சதை மட்டும் நசுங்கித் துண்டானால் 5. 1948ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டமும் இதே கணக்கைக் கையாண்டது. இவ்விரண்டையும் விழுங்கிய 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் அட்டவணையை விட்டுவிடவில்லை. நாளொன்றுக்குச் சராசரி 500 ரூபாய் கூலி பெற்றவரின் ஆள்காட்டி விரலில் ஒரு கணு போயிற்று என்று கொள்வோம். இ.எஸ்.ஐ. விதிப்படி கூலியில் 90 சதவீதமான 450 ரூபாயில் 9 சதவீதம், அதாவது நாள்தோறும் 40 ரூபாய் 50 காசு அவருக்குக் கிடைக்கும். ஆயுள் முழுதும் கிடைக்கும் என்பதை அதிகாரிகள் பெருமையாகச் சொல்வார்கள்.

கை என்பது ஐந்து விரல்களைக் கூட்டிப் பெறும் தொகையன்று. இதை அந்த அட்டவணை அறியாது. ஒரு விரல் நசுங்கினால் கை முழுதும் வீங்குகிறது. அசையாமல் கட்டிவைத்த கணுக்கள் இறுகுகின்றன. தைத்து இணைத்த தசைநாண் சுற்றியுள்ள திசுவோடு ஒட்டிக்கொள்கிறது. துண்டான விரலின் முனையில் நரம்பு கூர்மையாகி, துணி பட்டாலே மின்சாரம் பாய்வதுபோல் வலிக்கிறது. அந்த வலிக்கு அஞ்சித் தொழிலாளி கையைச் சட்டைப்பைக்குள்ளோ துண்டுக்கடியிலோ ஒளித்து வைக்கிறார். அடிபடாத விரல்களும் மெல்ல மடங்க மறுக்கின்றன. 9 சதவீதம் என்று அரசு முத்திரையிட்ட இழப்பு, ஓராண்டில் ஒரு முழுக் கையின் இழப்பாகிவிடுகிறது. அப்படி இழந்த பகுதிக்கு யாரும் விலை வைப்பதில்லை.

இந்த இரண்டாவது இழப்பு விதியால் நேர்வதன்று, பெருமளவு தடுக்கக்கூடியது. அதைத் தடுப்பதே இயன்முறை மருத்துவத்தின் பணி, ஆக்குபேஷனல் தெரபியின் பணி. பின்னதைத் தமிழில் ‘தொழில்முறைச் சிகிச்சை’ என்று எழுதுகிறவர்கள், வேலைப் பயிற்சி என்ற எண்ணத்தை அறியாமலே விதைத்துவிடுகிறார்கள். ‘தொழிற்பெயர்’ என்று இலக்கணம் கூறும்போது தொழில் என்பது எல்லாச் செயலையும் குறிக்கும். இச்சிகிச்சையின் பொருளும் அதுவே. சட்டைப் பித்தானைப் போடுவதும், சப்பாத்தியைப் பிய்ப்பதும், குழந்தையைத் தூக்குவதும், திருகுப்புரியைச் சுழற்றுவதும் அதற்கு ஒரே வரிசையில் வைத்து எண்ணத்தக்க செயல்கள்.

செய்முறையில் மாயம் ஏதுமில்லை. வலிக்கும் முனையை முதலில் பஞ்சால் வருடுவார்கள்; பிறகு பருத்தித் துணி, பிறகு சொரசொரப்பான சாக்கு; பிறகு அரிசியோ மணலோ நிறைந்த பாத்திரத்துக்குள் கையை அளைய விடுவார்கள். நரம்பு மெல்லப் பழகுகிறது. விரல்களைத் தாங்கும் ஸ்பிளிண்டை அளவெடுத்துச் செய்கிறார்கள். தசைநாணைத் தைத்த சில நாள்களிலேயே, அது அறுந்துவிடாத அளவுக்கு மட்டும் அசைக்கக் கற்றுத் தருகிறார்கள். ஆறு வாரங்கள் காவலோடு அசைக்க வேண்டும். பாரம் தூக்க ஏறத்தாழ பன்னிரண்டு வாரங்கள் பொறுக்க வேண்டும். சிறந்த சிகிச்சையாளர் இதோடு நிற்பதில்லை. பிடி சுருங்கியவருக்குக் கருவியின் கைப்பிடியைத் தடிமனாக்கித் தருவார். வேலை மேசையின் உயரத்தையும் கேட்பார்.

இங்கேதான் மருத்துவம் முடிந்து வர்க்கம் தொடங்குகிறது. பன்னிரண்டு வாரம் யாரால் காத்திருக்க முடியும்? தற்காலிக ஊனக் காலத்தில் 90 சதவீதக் கூலி உண்டு. அந்த நாள்களில் வேலைநீக்கம் செய்வதை இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73ஆம் பிரிவு தடை செய்தது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு இது ஏட்டுச் சுரைக்காய். அவரை யாரும் நீக்குவதில்லை. ஒப்பந்ததாரர் மாறுகிறார், புதியவரின் பட்டியலில் அவர் பெயர் இல்லை, அவ்வளவே. தையல் பிரிப்பதற்குள் அவர் பீகாருக்கோ கிழக்கு உத்தரப் பிரதேசத்துக்கோ ரயிலேறுகிறார். அங்கே அவருடைய சிகிச்சையாளர், ஏதும் கற்பிக்கப்படாத அவருடைய மனைவிதான்.

தொழில் மறுவாழ்வுப் பயிற்சிக்கு இ.எஸ்.ஐ. கழகம் உதவித்தொகை தருகிறதே என்பார்கள். 40 சதவீத ஊனம் அதற்கு நிபந்தனை. கட்டைவிரலை வேரோடு இழந்தவருக்கு அட்டவணை தருவது 30.

காப்பீட்டு அட்டை ஏந்தும் பிற ஏழைகளின் நிலை இதனினும் மேலன்று. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்று முழங்கப்படும் ஆயுஷ்மான் பாரத், மருத்துவமனையில் படுத்தவருக்கானது. வீடு திரும்பிய பின் அது தாங்குவது 15 நாள் செலவு. பக்கவாதத்தில் விழுந்த விவசாயத் தொழிலாளி மீண்டும் நடக்கவும், தன் கையால் உண்ணவும் மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். பதினாறாம் நாள் அவர் தனியார் கிளினிக்கின் படியேற வேண்டும், அல்லது கட்டிலோடு கிடக்க வேண்டும்.

உடற்குறையுள்ளோரை ‘திவ்யாங்’ என்று அழைக்குமாறு 2015 டிசம்பரில் பிரதமர் கேட்டுக்கொண்டார். உறுப்புக்குத் தெய்விகம் சூட்டச் செலவில்லை. அதே அரசு 2019 ஜூலையில் இ.எஸ்.ஐ. பங்களிப்பைக் கூலியில் 6.5 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைத்தது. முதலாளியின் பங்கு 4.75இலிருந்து 3.25 ஆயிற்று. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பணிக்காலத்தில் ஊனமுற்றவரை வேலையிலிருந்து விலக்கக் கூடாது என்கிறது. ஆனால் அந்த 20(4) பிரிவு அரசு நிறுவனங்களுக்கு மட்டுமே. பிரஸ் ஓடும் ஆலையின் உடைமையாளரை அது தீண்டாது. மறுவாழ்வுச் சேவையைக் கூறும் 27ஆம் பிரிவோ, அரசின் ‘பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு’ என்று தொடங்கும்போதே பின்வாங்குகிறது.

பணக்கார நாடுகளின் ஆடம்பரம் இது என்ற வாதமும் எழும். மும்பையில் கமலா நிம்ப்கர் 1950இலேயே ஆக்குபேஷனல் தெரபி பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். ஹாஜி அலியில் உள்ள மத்திய அரசின் மறுவாழ்வு மருத்துவ நிறுவனம் 1955இல் பிறந்தது. அறிவும் ஆளும் எழுபதாண்டுகளாக இந்நாட்டில் உண்டு. அரிசிப் பாத்திரம் எந்த அன்னியச் செலாவணியையும் கேட்பதில்லை. நாளேடுகள் நமக்குத் தருவது வேறொன்று: விபத்தை வென்று எழுந்த ஒருவரின் தன்னம்பிக்கைக் கதை. சிகிச்சை கிடைத்ததால் எழுந்தார் என்பது மறைந்து, மனவுறுதியால் எழுந்தார் என்றாகிறது. எழாதவர்களுக்கு மனவுறுதி இல்லை என்பதே அதன் மறுபக்கம்.

நமது பக்கத்துக் குறையையும் மறைப்பதற்கில்லை. விபத்து நடந்தால் சங்கம் வாயிலில் கூடுகிறது, வழக்கு நடத்துகிறது, இழப்பீட்டுத் தொகையை உயர்த்திப் பெறுகிறது. அது வெற்றிதான். ஆயினும் அட்டவணையின் கணக்கை நாமும் ஏற்றுக்கொண்டு, அதன் எண்ணுக்காக மட்டும் பேரம் பேசியதாகவே அது முடிகிறது. கோரிக்கை சாசனத்தில் சில வரிகள் கூடியாக வேண்டும். கை இனி தேறாது, அல்லது தேறிவிட்டது என்று சிகிச்சையாளர் சான்றளிக்கும் வரை முழுக் கூலியோடு விடுப்பு வேண்டும். அதன்பின் அதே ஆலையில், குறையாத கூலியில், கைக்கு ஏற்ப மாற்றியமைத்த வேலை வேண்டும்; ஒப்பந்ததாரர் மாறினாலும் இப்பொறுப்பு முதன்மை நிறுவனத்தையே சேர வேண்டும். தொழிற்பேட்டை ஒவ்வொன்றிலும் உள்ள இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் இயன்முறை மருத்துவரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டும் நிரந்தரப் பணியில் இருக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடிந்து வருபவருக்கும் அதன் கதவு திறந்திருக்க வேண்டும்.