தொப்புள்கொடியும் இழுவைமடியும்

ஒவ்வொரு மாரியும் இதே கதைதான். வாடைக்காற்று வீசத் தொடங்கும். கொஞ்ச நாளில் ஒரு செய்தி வரும்: நெடுந்தீவுக்கு அருகே இத்தனை படகுகள் பிடிபட்டன, இத்தனை தமிழக மீனவர்கள் கைது. உடனே போன்களில் கறுப்பு ஸ்டேட்டஸ். "தொப்புள்கொடி உறவு" என்று ஒரு வரி, கடற்படையைத் திட்டி இன்னொரு வரி. அதோடு சரி.

அதே இரவில், அதே கடலில், யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ யாரோ ஒருவரின் வலை அறுந்து போயிருக்கும். அதுக்கு யாரும் ஸ்டேட்டஸ் போடுறதில்லை. ஏன்னா அந்த வலையை அறுத்தது கடற்படை இல்லை. அறுத்த படகில் இருந்ததும் தமிழர், வலையை இழந்ததும் தமிழர். நமக்குப் பழக்கமான கதைக்குள்ள இது அடங்காது. அதனால பேச்சே இல்லை. இந்த மௌனத்துக்கு எதிராகத்தான் நாங்க எழுதுறோம்.

முதல்ல கடலில் என்ன நடக்குதுன்னு பார்ப்போம். நவம்பரிலிருந்து பெப்ரவரி வரை திருகோணமலை, முல்லைத்தீவுப் பக்கம் கடல் கொந்தளிக்கும். பாக்கு விரிகுடா அந்த அளவுக்கு மோசமில்லை. மாரி மழை முடியும்போது இறாலும் கூடும். சின்னப் பைபர் படகில் ஒருத்தரோ ரெண்டு பேரோ போய் வலை விரிச்சுட்டு, விடியற்காலை அதை இழுக்கப் போகிற காலம் இது. வருஷக் கடனில் பாதியை அடைக்கிறதும் இந்த மாசங்களில்தான்.

பாக்கு விரிகுடா ஒரு ஆழமில்லாத கடல். பெரும்பாலான இடங்களில் 15 மீற்றர்கூட இருக்காது. அந்த ஆழத்தில் றோலர் இழுக்கிற மடி நேரா தரையைத்தான் வழிக்கும். மடியின் வாயை விரிக்க ரெண்டு பக்கமும் கனமான பலகை, கீழே சங்கிலி. கடற்புல், சிப்பி, குஞ்சு மீன், முட்டை எல்லாமே உள்ளே வரும். வழியில் யாராவது விரிச்சு வைச்ச நண்டு வலை இருந்தால் அதுவும் போகும். வலை போனா மீனவருக்குப் போறது ஒரு நாள் வருமானம் மட்டும் இல்லை. அடுத்த வலைக்குக் கடன் கிடைக்கும் வரைக்கும் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே இரவில் ஏறினப்போ, சின்னப் படகுகளின் என்ஜின் ஓடுறதே மண்ணெண்ணெயில்தான் என்பதை எத்தனை பேர் நினைச்சுப் பார்த்தோம்?

இராமேஸ்வரம் பக்கத்து றோலர்கள் வாரத்தில் மூன்று நாள், திங்கள், புதன், சனி, கடலுக்குப் போகும். மிச்ச நாட்கள் அங்குள்ள நாட்டுப்படகுகளுக்கு. இந்த ஏற்பாடு எப்படி வந்தது? றோலரும் நாட்டுப்படகும் ஒரே நாளில் போனால் அங்கேயே சண்டை வரும் என்பதால் வந்தது. தமிழ்நாட்டின் 1983ஆம் ஆண்டுக் கடல் மீன்பிடிச் சட்டமும் கரையோரக் கடலைச் சின்னப் படகுகளுக்கு ஒதுக்கி, றோலர் அதுக்கு வெளியே போகணும்னுதான் சொல்லுது. அதாவது தமிழக மீனவரையே றோலரிடமிருந்து காப்பாத்த வேண்டி இருந்திருக்கு! அந்த மூன்று இரவும் நம்ம வடக்கு மீனவர் பலர் வலையைக் கரையிலேயே வைச்சுட்டுக் காத்திருக்காங்க. வாரத்துக்கு ஏழு நாள் என்பது அவங்களுக்கு நாலு நாள்.

இனி, இதைப் பேசினா வரும் பதில்கள்.

"கடல் எல்லாருக்கும் பொது." சரி. பொதுக் கிணற்றில் ஒருத்தர் வாளி போடுறார், இன்னொருத்தர் மோட்டார் போட்டு உறிஞ்சுறார். ரெண்டு பேருக்கும் ஒரே உரிமை என்றா சொல்வீங்க? தலைமுறை தலைமுறையா ரெண்டு கரையும் அந்தக் கடலைப் பகிர்ந்தது உண்மைதான். அப்போ பகிர்ந்தது வலையும் தூண்டிலும். இறால் ஏற்றுமதிக்காக 1960களுக்குப் பிறகு பெருகிய றோலரை அந்தப் பழைய உறவின் கணக்கில் எழுத முடியாது. போர்க்காலத்தில் தடையும் பாதுகாப்பு வலயமும் வடக்கு மீனவரைக் கரையில் கட்டிப் போட்டப்போ, வெறுமையா கிடந்த கடலில் றோலர்கள் பழகிவிட்டன. 2009க்குப் பிறகு சொந்தக்காரங்க கடனுக்கு வாங்கின வலையோடு திரும்பி வந்தாங்க. அவங்களுக்கு இடம் விட்டிருக்க வேண்டாமா?

"கச்சத்தீவை மீட்டால் தீரும்." தேர்தல் வந்தால் போதும், இந்தப் பாட்டு தொடங்கிடும். 2024 தேர்தலிலும் கேட்டோம். கச்சத்தீவு 285 ஏக்கர். றோலர்கள் வருவது அந்தத் தீவுக்காக இல்லை, அதைத் தாண்டி நம்ம கரைக்குக் கிட்ட இருக்கிற இறாலுக்காக. தீவு யாருடையதானாலும் தரையை வழிக்கிற மடி வழிச்சுக்கிட்டேதான் இருக்கும்.

"இதைப் பேசினா சிங்களப் பேரினவாதத்துக்கு லாபம்." இந்தப் பயம் நியாயமானது. அதனால நேராகவே சொல்றோம்: மீன் பிடிக்க வந்தவரைச் சுடுறதும் அடிக்கிறதும் படகால் மோதுறதும் குற்றம். எந்த எல்லைக்கோடும் அதை நியாயமாக்காது. 2021 ஜனவரியில் நெடுந்தீவுக் கடலில், கடற்படைப் படகுடன் மோதியதில் றோலரில் இருந்த நாலு பேர் இறந்தாங்க. அதுக்கும் நீதி வேணும். ஆனா நாம் வாயை மூடிக்கொண்டால் யாருக்கு லாபம்? வடக்கு மீனவரின் காவலன் நானே என்று கடற்படை சொல்லிக்கொள்ள நாமே வழி விடுறோம். 2022 ஜனவரிக் கடைசியில் வத்திராயனிலிருந்து கடலுக்குப் போன ரெண்டு மீனவர் உயிரோட திரும்பவில்லை. இந்திய றோலர் மோதித்தான் இறந்தாங்க என்று சொல்லி, சுப்பர்மடத்தில் மக்கள் வீதியை மறித்து உட்கார்ந்தாங்க. அந்த வீதியில் உட்கார்ந்தவங்க பேரினவாதிகளா?

கடைசிப் பதில்தான் நம்ம ஊரில் அதிகம் கேட்பது: "மாத்தளையில் கடலா இருக்கு? நமக்கென்ன?"

மாத்தளைக்காரர் இதைச் சொல்லவே கூடாது. நம்ம பாட்டன் பூட்டன் கடந்து வந்த கடல் இதுதான். தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, காட்டு வழியாகத் தம்புள்ளை தாண்டி நடந்து மாத்தளை வந்து சேர்ந்தாங்க. வழியில் வாந்திபேதியிலும் பசியிலும் செத்தவங்களுக்குக் கல்லறைகூட இல்லை. 2023இல் மலையகம் 200 நடைபயணம் தலைமன்னாரில் தொடங்கி மாத்தளையில் முடிந்தது இதனால்தான்.

இன்னொன்றும் இருக்கு. 1974 ஜனவரியில் சிறிமாவோவும் இந்திராவும் ஓர் ஒப்பந்தம் போட்டாங்க. 1964 ஒப்பந்தத்தில் முடிவாகாமல் மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் மலையக மக்களை ஆளுக்குப் பாதியாக, 75,000, 75,000 என்று பிரிச்சாங்க. அதே வருஷம் ஜூனில் அதே ரெண்டு பேரும் பாக்கு நீரிணையில் கோடு போட்டாங்க. ஆறு மாசத்துக்குள் முதலில் மனுசரைப் பங்கு போட்டாங்க, பிறகு கடலை. தோட்டத்து மக்களிடமும் கேட்கவில்லை, மீனவரிடமும் கேட்கவில்லை. இதுக்குப் பிறகும் "நமக்கென்ன" என்று எப்படிச் சொல்றது?

2021இல் இறந்த அந்த நாலு பேரில் ஒருவர் மண்டபம் அகதி முகாமில் வாழ்ந்த ஈழத்தமிழர். அந்த முகாம் எதுக்காகக் கட்டப்பட்டது தெரியுமா? இலங்கைத் தோட்டங்களுக்கு வரும் கூலிகளைத் தடுத்து வைத்து நோய் பார்க்க. நம்ம முன்னோரை அடைச்சு வைச்ச இடத்தில் இருந்து போன ஒருவர், றோலரில் வேலைக்குப் போய்ச் செத்திருக்கிறார். தொப்புள்கொடி என்றால் இதுதான். றோலரில் போறவங்களில் அதிகமானோர் பங்குக்கும் கூலிக்கும் போறவங்க. படகு முதலாளி கரையில் இருப்பார், பிடிபட்டால் சிறைக்குப் போவது கூலிக்காரர். கொழுந்து நிறை குறைஞ்சா யார் தலையில் விழும் என்று தெரிந்த நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. ஆகவே இதை ரெண்டு நாட்டு மீனவர் சண்டை என்று எடுத்துக்காதீங்க. ஒரு பக்கம் மடியும் அதில் போட்ட முதலும் இருக்கு. மறுபக்கம் ரெண்டு கரையிலும் உள்ள சின்ன வலைக்காரரும் றோலரில் சாகிற கூலிக்காரரும்.

வழி இல்லாமலும் இல்லை. இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடை செய்தது. அந்தத் தனிநபர் சட்டமூலத்தைக் கொண்டுவந்தவர் அப்போது வடக்கின் தமிழ் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த சுமந்திரன். 2016 நவம்பரில் டெல்லியில் நடந்த பேச்சில், இழுவைமடியை முடிவுக்குக் கொண்டுவருவதை விரைவுபடுத்துவோம் என்று இந்தியாவும் ஒத்துக்கொண்டது. மூன்று வருஷத்தில் 2,000 றோலருக்குப் பதில் ஆழ்கடல் படகு தருவதாக 2017இல் திட்டமும் வந்தது. அந்த இலக்கின் கிட்டேகூட அது போகவில்லை. பங்குக்குப் போறவரைக் கேட்காமல் முதலாளியை மட்டும் கணக்கில் வைச்சால் இப்படித்தான் ஆகும்.

நாங்க கேட்பது இவ்வளவுதான். பாக்கு விரிகுடாவில் இழுவைமடி முழுசா நிற்கணும், இந்தியப் படகிலும் சரி, குருநகர், பேசாலை றோலரிலும் சரி. சட்டம் உள்ளூர்க்காரருக்கு ஒன்று, வெளியாருக்கு ஒன்று என்று இருக்கக் கூடாது. றோலரில் வேலை செய்யும் கூலிக்காரருக்கு மாற்று வேலையும் நட்டஈடும் கொடுக்கணும். வலை இழந்த வடக்கு மீனவருக்கும் நட்டஈடு வேணும். கடலில் துப்பாக்கி வேண்டாம். பேச்சுவார்த்தை மேசையில் அமைச்சர்களோடு சின்ன வலைக்காரரும் உட்காரணும்.

அடுத்த மாரியில் மறுபடியும் அந்தச் செய்தி வரும். கைதானவருக்காக ஸ்டேட்டஸ் போடுங்க, வேண்டாம்னு சொல்லலை. அதே ஸ்டேட்டஸில் அறுந்த வலையையும் எழுதுங்க. அதை விட்டுட்டு உறவு பேசினா, அந்த உறவு றோலர் முதலாளியோட மட்டும்தான்.