கொழுந்துக் கறையும் பள்ளி வாயிலும்

உடை மானத்தைக் காப்பதற்கென ஏற்பட்டது. அதைக் கொண்டே மானத்தை அளக்கத் துணிவோர் எல்லாக் காலத்திலும் இருந்துள்ளனர். அந்த அளவுகோல் இந்நாளில் பள்ளிக்கூட வாயிலுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. “பிள்ளையைப் பள்ளியில் விடவரும் பெற்றோர் ஒழுங்காக உடுத்திக்கொண்டு வரக்கூடாதா?” என்னும் கேள்வி ஆசிரியர் அறையிலும் பெற்றோர் கூட்டத்திலும் எழுகிறது. நகரத்தில் இரவு உடையோடும் அரைக்காற்சட்டையோடும் உந்து வண்டியில் வந்திறங்குவோரை நோக்கி எழுந்த கேள்வி அது. அதே கேள்வி பகாங் மாநிலத்துக் கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களுக்கு ஏறிச் செல்லும்போது அதன் பொருளே மாறிவிடுகிறது. அங்கே அது சோம்பலைக் கண்டிப்பதில்லை, உழைப்பை இழிவுபடுத்துகிறது.

தோட்டத்துத் தாய் ஒருத்தியின் காலைப்பொழுதை எண்ணிப் பார்த்தால் இவ்வுண்மை விளங்கும். கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரம். பனி லயத்தின் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருக்கும். விடியுமுன் எழுந்து, தண்ணீர் காய்ச்சி, பிள்ளையைக் குளிப்பாட்டி, பசியாறக் கொடுத்து, மதியத்திற்கு மங்கில் சோறு கட்டி, தலைவாரிப் பின்னலிட்டு, வெள்ளைச் சட்டையும் நீலப் பாவாடையும் அணிவித்து முடிக்கும்போது அவளுக்கென்று எஞ்சுவது சில நிமிடங்களே. அந்தச் சில நிமிடங்களில் அவள் வேலைக்குரிய உடையை அணிகிறாள். அட்டைக்கும் முள்ளுக்கும் அஞ்சி நீண்ட கைச்சட்டை. ஈரம் உடலில் ஏறாதிருக்க இடுப்பில் சுற்றிய பிளாஸ்டிக் துணி. சேற்றுக்கு ரப்பர் சப்பாத்து. குளிருக்கும் வெயிலுக்கும் தலைத்துண்டு. பிள்ளையைப் பள்ளி வாயிலில் விட்டுவிட்டு அப்படியே வேலைக்களத்திற்கு விரைகிறாள். பெரட்டுக்குப் பிந்தினால் தண்டலின் சொல்லைக் கேட்க வேண்டும். கொழுந்தின் எடையைப் பார்த்துக் கூலி கணக்கிடும் இடமாயின், பிந்திய ஒவ்வொரு நிமிடமும் கூலியில் குறையும்.

கடிகாரமும் அவளுக்குத் துணை நிற்பதில்லை. 1982ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் நேரம் அரைமணி முன்னோக்கித் தள்ளப்பட்டது. நாட்டின் இரு பகுதிகளுக்கும் ஒரே நேரம் என்பது நல்ல நோக்கமே. ஆயினும் அன்றுமுதல் இங்கே கதிரவன் எழுவது காலை 7 மணியை ஒட்டியே ஆயிற்று. 7.30 மணியை ஒட்டி வகுப்பு தொடங்கும் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் தாய் இருட்டிலேயே எழுந்து இருட்டிலேயே உடுத்துகிறாள். அவ்விருட்டில் அவள் ஒருமுறை உடுத்துவதே பெரும்பாடு. பள்ளி வாயிலுக்கு ஓர் உடை, மலைச்சரிவுக்கு ஓர் உடை என இருமுறை உடுத்தச் சொல்வோர் அவளுக்கு இன்னோர் அரைமணி நேரத்தை எங்கிருந்து எடுத்துத் தருவர்?

இதற்கு மறுமொழி கூறுவாரும் உளர். பள்ளி ஒரு கோயில். கோயிலுக்குச் செல்வோர் தூய்மையாகச் செல்வது மரபு. பெற்றோரைப் பார்த்தே பிள்ளை ஒழுங்கு கற்கிறது என்பர். இக்கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. தூய்மை வேண்டுவதே; உடலை நாணமின்றிக் காட்டுவது எங்கும் ஏற்புடையதன்று. ஆயினும் தூய்மை வேறு, பகட்டு வேறு. கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் கறுத்துப்போன விரல், எத்துணை சவர்க்காரம் இட்டாலும் உடனே வெளுப்பதில்லை. அக்கறையை அழுக்கென்று கருதுவோர், ஆசிரியர் விரலில் படியும் சுண்ணக்கட்டித் தூளையும் அழுக்கென்று கூறத் துணிவரா? ஒழுங்கைப் பெற்றோரிடம் கற்க வேண்டுமாயின், குறித்த நேரத்தில் பிள்ளையைக் கொண்டுவந்து சேர்த்துக் குறித்த நேரத்தில் வேலைக்கும் செல்லும் தாயைவிடச் சிறந்த பாடநூல் எது?

உடையைக் கொண்டு மனிதனைச் சிறுமைப்படுத்தும் வழக்கம் தோட்டங்களுக்குப் புதியதன்று. துரை வரும் வழியில் தொழிலாளி மிதிவண்டியை விட்டு இறங்கி ஒதுங்கி நிற்க வேண்டியிருந்த காலம் உண்டு. 1941ஆம் ஆண்டு சிலாங்கூர் மாநிலத்துக் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்கள் கூலி உயர்வோடு நின்றுவிடவில்லை. துரைமார் முன்னிலையில் மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமையையும், தங்கள் பிள்ளைகளுக்குத் தக்க கல்வியையும் ஒரே கோரிக்கைப் பட்டியலில் வைத்தனர். அப்போராட்டத்தை முன்னின்று நடத்திய ஆர்.எச்.நாதன் நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர் துறந்தனர். மானமும் கல்வியும் பிரிக்க முடியாதவை என்று எழுத்தறியாத அம்மக்கள் அன்றே உணர்ந்திருந்தனர். அன்று துரை வரும் வழியில் இறக்கப்பட்ட தலை, இன்று அதே மக்களின் குருதியால் நிலைபெற்ற கல்விக்கூடத்தின் வாயிலில் மீண்டும் இறங்குவது எவ்வகையில் தகும்?

தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பிறப்பையும் மறத்தலாகாது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. தொழிலாளி இருந்தமையால் பிள்ளை இருந்தது. பிள்ளை இருந்தமையால் பள்ளி வந்தது. 1929இல் ஜே.ஏ.ரசல் தோற்றுவித்த ‘போ’ தேயிலைத் தோட்டத்திலும் அதன் சுற்றுப்புறங்களிலும் தமிழ் எழுத்து ஒலித்தது அந்தக் கூடை சுமந்த கூட்டத்தால்தான். கூடைக்காரியின் பிள்ளைகளுக்கெனத் திறந்த வாயிலில் கூடைக்காரி கூசி நிற்பதைவிடக் கொடிய முரண்பாடு வேறில்லை.

இம்மனநோய் மலேசியாவிற்கு மட்டும் உரியதும் அன்று. 2016ஆம் ஆண்டு சனவரியில் இங்கிலாந்தின் டார்லிங்டன் நகரில் ஒரு தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை, இரவு உடையோடு பிள்ளைகளை விடவர வேண்டாவெனப் பெற்றோருக்கு மடல் விடுத்தார். நாடே இரண்டுபட்டு வாதிட்டது. 2019ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவின் ஊசுடன் நகரத்து உயர்நிலைப்பள்ளி ஒன்று, பெற்றோருக்கே உடை விதி வகுத்தது. பிள்ளையைச் சேர்க்கவந்த தாய் ஒருத்தி, தலையில் துணி கட்டியிருந்தாள் என்று திருப்பி அனுப்பப்பட்ட செய்தி அதற்குச் சற்று முன்னர்தான் வெளிவந்திருந்தது. மலேசியாவிலும் 2015இல் சாலைப் போக்குவரத்துத் துறை அலுவலகம் ஒன்றில், பாவாடை குட்டையென ஒரு பெண்ணிடம் கைலியைக் கொடுத்து உடுத்தச் சொன்னதும், பின்னர் அத்துறை மன்னிப்புக் கேட்டதும் நாடறிந்தவை. இவற்றுள் டார்லிங்டன் தாய்மாரின் இரவு உடைக்கு ஓய்வு காரணமாயிருக்கலாம். கேமரன் மலைத் தாயின் உடைக்கு ஓய்வின்மையே காரணம். இரண்டையும் ஒரே பலகையில் எழுதித் தொங்கவிடுவது அறிவுடைமை ஆகாது.

இதனினும் வேடிக்கையான செய்தி ஒன்று உண்டு. தேயிலைப் பெட்டியின் மேல் கூடை சுமந்த பெண் அழகோவியமாக நிற்கிறாள். மலைகாண வரும் பயணிகள் அவளைப் படம் பிடித்துச் செல்கின்றனர். பள்ளியின் மாறுவேடப் போட்டியிலோ, சிறு கூடையும் தலைத்துண்டுமாகக் கொழுந்து பறிப்பவளாய் வரும் குழந்தைக்குக் கைதட்டு எழுகிறது. வேடத்திற்குப் பரிசு, அந்த உடையை வயிற்றுப்பாட்டிற்காக அணிந்து வாயிலில் நிற்பவளுக்கு முகச்சுளிப்பு. எதை மதிக்கிறோம், எதை நடிக்கிறோம் என்பதை அப்பள்ளி மேடை தானே காட்டிக் கொடுத்துவிடுகிறது.

இம்முகச்சுளிப்பின் விலையை இறுதியில் கொடுப்பது பிள்ளையே. தாய் வாயிலுக்கு நூறடி முன்னரே நின்றுவிடுகிறாள். “இனி நீயே போய்விடு, அம்மா” என்று பிள்ளையும் கற்றுக்கொள்கிறது. பெற்றோர் கூட்டத்திற்கு அவள் வருவதில்லை. தேர்ச்சி அட்டையில் கையெழுத்திட அண்டை வீட்டாரை அனுப்புகிறாள். ‘என் தாய்’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னால், அப்பிள்ளை அவளைப் பட்டுப்புடைவை உடுத்திய இல்லத்தரசியாகப் புனைந்து எழுதுகிறது. ஆசிரியர் அதன் சொற்பிழையைத் திருத்துகிறார்; அதனுள் இருக்கும் வாழ்க்கைப் பிழையை யார் திருத்துவது?

காலமும் பொறுத்திருக்கவில்லை. நாடு விடுதலை பெற்ற 1957இல் 888ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஏறத்தாழ 530. அவற்றுள் பல, 150க்கும் குறைவான மாணவரைக் கொண்டவை. தேயிலை மலைகளிலும் இயந்திரம் கொழுந்தை வெட்டுகிறது. அயல்நாட்டுத் தொழிலாளர் கூடையை ஏந்துகின்றனர். தமிழ்க்குடும்பங்கள் நகரங்களுக்கு இறங்கிவிட்டன. எஞ்சியிருப்போர் தோட்டத்திலும், காய்கறிப் பண்ணையிலும், விடுதியிலும், சரக்கு வண்டியிலும் உழைப்பவர். அவர்களின் சேறு படிந்த காலடி ஒவ்வொன்றும் தமிழ்ப்பள்ளியின் ஆயுளை நீட்டிக்கும் காலடி. அதைத் துடைத்துவிட்டு வரச் சொல்லும் பள்ளி, தன் அடித்தளத்தையே துடைத்துக்கொள்கிறது.

ஆள்வோனுக்கும் காட்டில் வேட்டையாடித் திரிவோனுக்கும் உணவும் உடையும் ஒரே அளவினவே என்னும் கருத்தைப் புறநானூற்றின் 189ஆம் பாட்டில் நக்கீரனார் வைத்தார். அதை வகுப்பறையில் விளக்கி முடித்த ஆசிரியர், மணியடித்ததும் வாயிலுக்கு வந்து அதே கருத்தைப் பொய்யாக்கலாகாது. செய்யவேண்டியன எளியவை. வாயிலில் நிற்கும் ஆசிரியர் முதலில் வணக்கம் கூறட்டும். பெற்றோர் கூட்டம் வேலை நாளின் காலையை விடுத்து ஞாயிற்றுக்கிழமைக்கோ மாலைப் பொழுதிற்கோ மாறட்டும். கூட்டத்திற்கு வர இயலாதவரின் லயத்துக்கு ஆண்டில் ஒருமுறையேனும் ஆசிரியர் செல்லட்டும். சப்பாத்தின் சேற்றைக் கழுவ வாயிலருகே ஒரு தண்ணீர்க் குழாய் இருக்கட்டும். உடை விதிப் பலகைக்கு ஆகும் செலவில் அதை அமைத்துவிடலாம்.

மாணவரும் ஒன்றை மனத்தில் இருத்துதல் வேண்டும். அவர்களின் வெள்ளைச் சட்டை விடியுமுன் தேய்த்து மடிக்கப்பட்டதால்தான் வெண்மையாக இருக்கிறது. அதைத் தேய்த்த கையின் கறை வெட்கப்படத்தக்கது அன்று. அக்கையை வாயில் வரை பற்றிக்கொண்டு, எல்லாரும் காண, “இவர் என் தாய்” என்று கூறும் பிள்ளையே தமிழ்ப்பள்ளியில் தமிழ் கற்ற பிள்ளை. அவ்வாறு கூறும் துணிவைத் தராத பள்ளி, எத்தனை மாணவரைத் தேர்வில் தேற்றினும், தன் முதற்பாடத்தில் தோற்ற பள்ளியே ஆகும்.