அடையாற்றுப் பூங்காவுக்குத் தாய்க்காடு விழுப்புரத்தில்

சென்னையில் அடையாறு கடலைச் சேரும் கழிமுகத்தை ஒட்டி, குப்பையும் கட்டட இடிபாடுகளும் குவிந்து கிடந்த 58 ஏக்கர் நிலம் இன்று பசுமையாக நிற்கிறது. 2011இல் திறக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்கா அது. உவர்நீர் ஏறி இறங்கும் இடத்தில் அலையாத்தி மரங்கள், மேட்டில் இந்தக் கடற்கரைக்கே உரிய மரங்கள், இரண்டையும் நம்பி வரும் பறவைகள், தவளைகள், பட்டாம்பூச்சிகள்.

அந்த மீட்புப் பணியைத் திட்டமிட்டது ஆரோவிலின் பிச்சாண்டிக்குளம் குழு. பொட்டலாகக் கிடந்த செம்மண் மேட்டில் காடு வளர்த்துப் பழகியவர்கள். எந்த மரம் இந்த மண்ணுக்குரியது என்று ஆரோவில்காரர்களுக்குக் காட்டிக்கொடுத்தவை சுற்றுவட்டார ஊர்களின் கோயில்காடுகள்.

சோழமண்டலக் கடற்கரையில் படர்ந்திருந்த உலர் பசுமைமாறாக் காடு, விறகுக்கும் வயலுக்கும் அழிந்துபோய்த் துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய கீழ்ப்புத்துப்பட்டில், மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயிலைச் சூழ்ந்திருப்பது அப்படியொரு துண்டு. இந்தக் காடுகளின் அடையாள மரம் காயா. தடித்த இலைகளுக்கு நடுவே, கிளையின் கணுக்களை ஒட்டியே நீலப் பூக்கள் கொத்துக்கொத்தாக வெடிக்கும். பாலை மரமோ மெள்ள மெள்ள வளரும்; வேப்பம்பழம்போல் மஞ்சளாகப் பழுக்கும். பழந்தின்னி வௌவாலும் கொண்டைக்குருவியும் இல்லாவிட்டால் இக்காட்டின் விதைகள் பலவும் தாய்மரத்தைத் தாண்டிப் போகாது.

சாமிக்குப் பயந்து கத்தி வைக்காததால் பிழைத்த காடுகள் இவை. ஆனால், அந்தப் பயம் மட்டும் இனி போதாது. கோயிலைப் பெரிதாக்குவதைப் புண்ணியமாகக் கருதுகிறோம். மண்டபத்துக்கும் வண்டி நிறுத்தவும் முதலில் பலியாவது ஓரத்து மரங்கள்தான். புறம்போக்கிலோ கோயில் நிலத்திலோ இருக்கும் சிறு காட்டுக்கு, காப்புக்காட்டுக்கு உள்ள சட்டப் பாதுகாப்பு கிடையாது.

வழி இல்லாமல் இல்லை. திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் வீரகோயில் காட்டை, 2025இல் தமிழக அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. அதன் பரப்பு 4.97 ஹெக்டேர்தான். பரப்பு சிறியது என்பதற்காக எந்தக் காட்டையும் ஒதுக்க வேண்டியதில்லை என்பதற்கு இதுவே சான்று. வழிபாடும் ஊரின் உரிமையும் தொடர, காட்டுக்கும் காவல் கிடைக்கிறது.

2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். ஊரின் மரம், செடி, உயிரினங்களைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். மேல்சித்தாமூர் முதல் மரக்காணம் வரையுள்ள ஊராட்சிகள் தங்கள் கோயில்காடுகளை அதில் பதிந்து எல்லையை அளக்க வேண்டும். கீழ்ப்புத்துப்பட்டு போன்ற காடுகளுக்குப் பாரம்பரியத் தலத் தகுதி கேட்டு, வரும் கிராமசபைக் கூட்டத்திலேயே தீர்மானம் போடலாம்.