குறட்டையை அலட்சியம் செய்யலாமா?

மதியம் மூன்று மணி. கடைவீதியில் வெயில் கொளுத்துகிறது. அரை கிலோ துவரம்பருப்பு கேட்டு ஒரு அம்மா வந்து நிற்கிறார். கல்லாவில் முதலாளி தலை சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். கடைப் பையன் சிரித்துக்கொண்டே பருப்பை நிறுத்துக் கொடுத்துக் காசை வாங்கி வைக்கிறான். "பாவம், விடிகாலையில எழுந்த மனுஷன்" என்று அந்த அம்மாவும் சிரித்துவிட்டுப் போகிறார்.

சின்னசேலத்தில் மட்டுமல்ல, எந்த ஊர் கடைவீதியிலும் இது அன்றாடக் காட்சி. நாமும் சிரித்திருக்கிறோம். நம்மைப் பார்த்தும் சிரித்திருப்பார்கள். ஆனால் இது எல்லா நேரமும் சிரித்துவிட்டுப் போகிற விஷயமல்ல என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

நமக்கு நன்கு தெரிந்த மளிகைக் கடைக்காரர் ஒருவர். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வயது ஐம்பத்திரண்டு. நான்கு வருடமாக ரத்த அழுத்தம். ஒரு மாத்திரை இரண்டாகி, இரண்டு மூன்றான பிறகும் அழுத்தம் இறங்கவில்லை. ராத்திரி ஏழு மணி நேரம் படுத்தாலும் காலையில் தலைபாரம், மதியம் கல்லாவில் தூக்கம். அவர் வீட்டம்மா பல முறை சொல்லியிருக்கிறார்: "உங்களுக்கு மூச்சு நின்னு நின்னு வருது. எனக்குப் பயமா இருக்குது." இவர் பதில்: "நல்லா தூங்குறவனுக்கு குறட்டை வரத்தான் செய்யும். பேசாம படு."

ஒரு நாள் விடியற்காலை தலைவாசல் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றிக்கொண்டு திரும்பும்போது வண்டி ஓட்டிக்கொண்டே கண் அயர்ந்துவிட்டார். வண்டி சாலை நடுவில் உள்ள தடுப்பில் உரசி நின்றது. உயிர் தப்பியது கடவுள் புண்ணியம். அதன் பிறகுதான் டாக்டரிடம் போகும்போது வீட்டம்மாவும் கூடப் போனார். இவர் நான்கு வருடமாகச் சொல்லாததை அவர் நான்கு வார்த்தையில் சொன்னார். டாக்டர் தூக்கச் சோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ஒரு மணி நேரத்துக்கு நாற்பது தடவைக்கு மேல் அவருக்கு மூச்சு அடைபடுவது தெரியவந்தது. 'ஸ்லீப் ஆப்னியா' என்று டாக்டர்கள் சொல்லும் தூக்க மூச்சடைப்பு நோய் இதுதான்.

உள்ளே நடப்பது என்ன?

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு நாக்கும் உள்நாக்குப் பகுதியும் பின்னால் சரிந்து மூச்சுக் குழாயின் வழியை அடைத்துவிடும். பாதி அடைத்தால் குறட்டை. முழுக்க அடைத்தால் குறட்டைச் சத்தமும் நின்று போகும். பக்கத்தில் இருப்பவர் "அப்பாடா, அடங்கிச்சு" என்று நினைக்கும் அந்த நேரம்தான் ஆபத்தான நேரம். பத்து விநாடி, இருபது விநாடி, சிலருக்கு அதற்கும் மேல் காற்று உள்ளே போகாது. ரத்தத்தில் பிராணவாயு குறையும். மூளை பதறிப்போய் உடம்பை உசுப்பிவிடும். பெரிய உறுமலோடு மூச்சு திரும்பும். தூங்குகிறவருக்கு இது நினைவில் இருக்காது. இப்படி ஒரு மணி நேரத்தில் ஐந்து தடவைக்கு மேல் நடந்தால் நோயின் தொடக்கம், பதினைந்துக்கு மேல் நடுத்தரம், முப்பதுக்கு மேல் கடுமை என்பது மருத்துவர்கள் வைத்துள்ள அளவு.

இதில் இதயம் எங்கே வருகிறது? நம் தொழிலை வைத்தே சொல்லலாம். ஷட்டரை இறக்கினால்தான் கடைக்கு ஓய்வு. இதயத்துக்கு ஷட்டர் கிடையாது. இரவில் அதற்கு வேலை கொஞ்சம் மந்தமாகும், அவ்வளவே. நல்ல தூக்கத்தில் ரத்த அழுத்தம் பகலில் இருப்பதைவிட 10 முதல் 20 சதவீதம் வரை இறங்க வேண்டும். அதுதான் இதயத்துக்கும் ரத்தக் குழாய்களுக்கும் கிடைக்கிற ஓய்வு. மூச்சு அடைபடுகிறவருக்கு அந்த ஓய்வு இல்லை. ஒவ்வொரு முறை மூளை உசுப்பும்போதும் அட்ரினலின் சுரந்து, நாடி எகிறி, அழுத்தம் குபீரென்று ஏறும். பிராணவாயு குறைந்த ரத்தத்தை வைத்துக்கொண்டு இதயம் கூடுதல் வேலை செய்ய வேண்டியிருக்கும். இரவெல்லாம் நூற்றுக்கணக்கான தடவை இப்படி நடந்தால் பகலிலும் அழுத்தம் இறங்காமல் நின்றுவிடும். மூன்று மாத்திரைக்கும் அடங்காத அழுத்தத்துக்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது இன்று மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட விஷயம்.

அமெரிக்க இதயச் சங்கம் 2021-ல் வெளியிட்ட அறிக்கை, ரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு, இதய ரத்தக் குழாய் நோய், பக்கவாதம் ஆகியவை உள்ளவர்களில் 40 முதல் 80 சதவீதம் பேருக்குத் தூக்க மூச்சடைப்பும் இருப்பதாகச் சொல்கிறது. அந்நாட்டு மேயோ மருத்துவ நிலையத்தார் 2005-ல் இன்னொன்றைக் கண்டறிந்தார்கள். தூக்கச் சோதனை செய்துகொண்டு பிற்பாடு திடீர் இதய நோயால் இறந்த 112 பேரின் விவரங்களைப் பார்த்தார்கள். மூச்சடைப்பு இருந்தவர்களில் 46 சதவீதம் பேர் நள்ளிரவுக்கும் காலை ஆறு மணிக்கும் இடையில் இறந்திருந்தார்கள். அந்த நோய் இல்லாதவர்களில் இது 21 சதவீதம்தான். "தூக்கத்திலேயே போய்விட்டார், நல்ல சாவு" என்று நாம் சொல்கிறோமே, அதில் சிலவற்றையாவது மறுபடி யோசிக்க வேண்டியிருக்கிறது.

'டிஸ்கோ டான்ஸர்' படத்துக்கு இசையமைத்த பப்பி லஹிரி 2022 பிப்ரவரி 15-ம் தேதி இரவு மும்பையில் காலமானார். வயது 69. தூக்க மூச்சடைப்பும் அடிக்கடி வந்த நெஞ்சுச் சளி நோயும் இருந்தன என்று சிகிச்சை தந்த மருத்துவர்கள் சொன்னபோதுதான் நம் நாட்டில் பலர் இந்த நோயின் பெயரையே முதன்முதலாகக் கேள்விப்பட்டார்கள்.

இது ஏதோ பணக்கார நோய் என்றும் எண்ண வேண்டாம். நம் நாட்டில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். பெரியவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு இந்த நோய் உண்டு. ஆண்களில் 13, பெண்களில் 5. உழைக்கும் வயதில் உள்ளவர்களில் மட்டும் சுமார் 10 கோடியே 40 லட்சம் பேர்.

நம் தொழிலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

காலை ஐந்தரைக்குக் கடை திறக்கிறோம். நாளெல்லாம் உட்கார்ந்த இடம். இரவு பத்து மணிக்குக் கணக்கு முடித்து, பத்தரைக்கு மேல் பரோட்டாவோ சோறோ வயிறு நிறையச் சாப்பிட்டு, சாப்பிட்ட கையோடு படுக்கிறோம். வருடத்துக்கு வருடம் இடுப்பும் கழுத்தும் பெருக்கின்றன. கழுத்தில் சேரும் கொழுப்பு மூச்சுக் குழாயை நெரிக்கும். அசதிக்கென்று சிலர் மது அருந்துகிறார்கள். அது தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும். தூக்கம் வரவில்லை என்று தாமாகத் தூக்க மாத்திரை வாங்கிப் போடுவதிலும் அதே ஆபத்து உண்டு. புகை பிடித்தால் தொண்டை வீங்கும். நம் நாட்டவருக்குத் தாடை அமைப்பு காரணமாக, மேல்நாட்டவர் அளவுக்கு எடை ஏறாமலே இந்த நோய் வரக்கூடும் என்பதையும் மறக்கக் கூடாது. ஒல்லியானவருக்கு வராது என்று சொல்ல முடியாது.

குறட்டை விடுகிறவர் எல்லாருக்கும் இந்த நோய் என்று பயமுறுத்துவது நம் நோக்கமல்ல. கனடாவில் உள்ள டொரன்டோ நகர மருத்துவர்கள் 2008-ல் எட்டுக் கேள்விகள் வகுத்தார்கள். உலகெங்கும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். நீங்களும் ஒரு துண்டுச் சீட்டில் குறித்துப் பாருங்கள்:

1. கதவு சாத்தியும் வெளியே கேட்கும்படி குறட்டை விடுகிறீர்களா?
2. பகலில் அடிக்கடி அசதியும் தூக்கமும் வருகிறதா?
3. தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்திருக்கிறார்களா?
4. ரத்த அழுத்தம் உண்டா?
5. உயரத்துக்கு மிக அதிகமான பருமன் உண்டா?
6. வயது ஐம்பதுக்கு மேலா?
7. கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு, அதாவது சுமார் 16 அங்குலத்துக்கு மேலா?
8. ஆணா?

மூன்றுக்கு 'ஆம்' என்றால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஐந்துக்கு மேல் என்றால் தள்ளிப்போடவே கூடாது. மூன்றாவது கேள்விக்கு நாமே பதில் சொல்ல முடியாது, வீட்டம்மாவைத்தான் கேட்க வேண்டும். கடைக்கு நாம் காவல் என்றால், தூங்கும்போது நம் மூச்சுக்கு அவர்தான் காவல். அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். பெண்களுக்கும், குறிப்பாக மாதவிலக்கு நின்ற பிறகு, இந்த நோய் வரும். அவர்கள் குறட்டையைப் பற்றி நாம் கேலி பேசுவதோடு நிறுத்திக்கொள்கிறோம். அதுவும் தவறு.

இயந்திரம் வாங்கினால் தீர்ந்துவிடுமா?

மூக்கில் முகமூடி போலப் பொருத்தி, மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்தித் தொண்டையை மூடாமல் வைக்கும் 'சிபாப்' கருவியை ஆஸ்திரேலியாவின் சிட்னியில் டாக்டர் காலின் சல்லிவன் 1981-ல் உலகுக்குத் தந்தார். கடுமையான நோய்க்கு இன்றும் இதுவே முதல் சிகிச்சை. ஆனால் வணிகராகிய நாம் எந்தச் சரக்கையும் தரம் பார்த்துத்தானே வாங்குவோம்? இதையும் அப்படியே பார்ப்போம்.

ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ வந்த 2,717 பேரை வைத்து ஏழு நாடுகளில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2016-ல் வெளியாயிற்று. கருவி வைத்தவர்களுக்கும் வைக்காதவர்களுக்கும் மாரடைப்பு, பக்கவாதம் வருவதில் வித்தியாசம் காணப்படவில்லை. அதே சமயம் கருவி வைத்தவர்களுக்குப் பகல் தூக்கம் குறைந்தது, மனம் தெளிந்தது, உடல்நலக் குறைவால் வேலைக்குப் போகாத நாட்களும் குறைந்தன. அவர்கள் கருவியை ஓர் இரவுக்குச் சராசரியாக 3.3 மணி நேரம்தான் மாட்டியிருந்தார்கள் என்பதும் கவனிக்க வேண்டியது. ஆகவே கருவி வாங்கிவிட்டால் மாரடைப்பு வராது என்று யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம். டாக்டர் சொல்லி வாங்கினால் அலமாரியில் வைக்காமல் இரவு முழுவதும் மாட்டுங்கள். அழுத்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.

செலவில்லாத மருந்து எடைக் குறைப்பு. அமெரிக்காவின் விஸ்கான்சினில் பல வருடம் நடந்த ஆய்வில், உடல் எடையில் 10 சதவீதம் குறைந்தால் மூச்சடைப்பு கால் பங்கு அளவுக்குக் குறைவதாக 2000-ல் தெரிந்தது. மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுப்பதும், இரவுச் சாப்பாட்டை முன்கூட்டி முடிப்பதும், மதுவை விடுவதும் நம் கையில் இருப்பவையே.

சங்கம் செய்ய வேண்டியது

முதலாவதாக, நாம் நடத்தும் மருத்துவ முகாம்களில் அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பதோடு நிறுத்தாமல், மேலே சொன்ன எட்டுக் கேள்விகளையும் ஒரு அங்குல டேப்பையும் சேர்க்க வேண்டும். இதற்குப் பத்து ரூபாய்கூட ஆகாது.

இரண்டாவதாக, கள்ளக்குறிச்சிக்கு 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. கல்வராயன் மலையிலிருந்து புளியும் தேனும் கொண்டுவரும் மலைவாழ் மக்கள் உட்பட நம் பக்கத்து ஏழைகள் தூக்கச் சோதனைக்காகச் சேலம், புதுச்சேரி, சென்னை என்று அலையாதபடி அங்கே முழு வசதி வேண்டும் என்று நாம் மனுக் கொடுக்க வேண்டும். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி மாத்திரை தருகிறவர்கள், குறட்டையைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்டால் எவ்வளவோ நல்லது.

மூன்றாவதாக, கடை மூடும் நேரம். "ஒன்பது மணிக்கு மூடினால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்களே" என்பது நியாயமான பயம்தான். ஒருவர் மட்டும் மூடினால் நஷ்டம். வீதி முழுக்கச் சேர்ந்து மூடினால் யாருக்கும் நஷ்டமில்லை. இதைச் சங்கம்தான் பேசி முடிக்க முடியும். வாரத்தில் இரண்டு நாளாவது முயன்று பார்க்கலாம். சரியாகத் தூங்காதவர் விடியற்காலை லோடு வண்டி ஓட்டக் கூடாது என்பதையும் நமக்கு நாமே ஒரு கட்டுப்பாடாக வைத்துக்கொள்ள வேண்டும்.

வணிகர் இறந்தால் குடும்பத்துக்கு உதவ வணிகர் நல வாரியம் இருக்கிறது. அது வேண்டியதுதான். ஆனால் முதலாளி திடீரென்று போய்விட்டால் அந்தக் கடைக்கு என்ன ஆகிறது என்பது நமக்குத் தெரியும். கடன் நோட்டில் இருக்கும் பாக்கியில் பாதி வசூலாகாது. நோட்டில் எழுதாமல் மனதில் வைத்திருந்தது முழுக்கப் போய்விடும். மொத்த வியாபாரிக்குக் கட்ட வேண்டிய பாக்கி மட்டும் தேதி தவறாமல் வந்து நிற்கும். படிக்கிற பையன் கல்லாவில் உட்கார வேண்டிவரும்.

நாம் மேலே சொன்ன அந்த நண்பர் இப்போது பதினோரு கிலோ குறைந்திருக்கிறார். கருவி மாட்டிக்கொண்டு தூங்குகிறார். அழுத்தம் இரண்டு மாத்திரைக்கு அடங்கியிருக்கிறது. ஒன்பது மணிக்குக் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். "ராத்திரி வியாபாரம் கொஞ்சம் குறைஞ்சிருக்குது, இல்லைன்னு சொல்ல மாட்டேன்" என்று நம்மிடம் சொன்னார். "ஆனா மதியம் கல்லாவுல முழிச்சிக்கிட்டு இருக்கேன். அதுல எவ்வளவு தப்பாம மிச்சமாவுதுன்னு இப்பதான் தெரியுது."

வணிகப் பெருமக்களே, இன்று இரவு கடையைப் பூட்டி வீட்டுக்குப் போனதும், சாப்பிடும்போது வீட்டம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நான் தூங்கும்போது மூச்சு நிற்கிறதா?" பதில் 'ஆம்' என்றால் நாளைக் காலை கடையை ஒரு மணி நேரம் தாமதமாகத் திறந்தாலும் பரவாயில்லை, முதலில் டாக்டரைப் பாருங்கள்.